மறு: குளிர் அழுத்தமா, ஆறிய அழுத்தமா?

அனைவருக்கும் வணக்கம். டயர் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்க் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> கோல்ட் டயர் பிரஷர் என்பதைக் 'குளிர் டயர் அழுத்தம்' என்றே சொல்லலாமே. நேர்ச்சொல் இருக்கும்போது வேறு எதற்கு?

நேர்ச்சொல்தான் ஐயா இங்கே சிக்கல். வண்டியின் கையேட்டில் 'குளிர் அழுத்தம் 33 பிஎஸ்ஐ' (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று படிப்பவர், குளிர்காலத்துக்கு ஓர் அளவு, கோடைக்கு வேறோர் அளவு போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். இந்தக் 'கோல்ட்' பருவத்தைச் சொல்வதே இல்லை. வண்டி குறைந்தது 3 மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நிழலில் நின்ற வண்டி என்றால் கொளுத்தும் கோடையிலும் அது 'கோல்ட்' டயர்தான்.

'ஆறிய அழுத்தம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஆறியது என்றாலே முன்பு சூடேறியது, இப்போது தணிந்துவிட்டது என்று புரிந்துவிடும். ஓடும்போது டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்வதால் சூடேறும். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். நெடுந்தூரம் ஓட்டிவந்த எஸ்யூவியில் உடனே அளந்தால் 33-க்குப் பதில் 37 காட்டலாம். 'கூடுதலா இருக்கே' என்று வால்வை அழுத்திக் காற்றை இறக்கிவிடுகிறார்கள். ஆறியதும் பார்த்தால் 29, 30-தான் இருக்கும். குடும்பமும் பெட்டிகளும் ஏறிய கனத்த வண்டிக்கு அது போதாது. பக்கச்சுவர் இன்னும் மடங்கும், இன்னும் சூடேறும். டயர் வெடிக்கவும் கூடும்.

> 'ஆறுநிலை அழுத்தம்' அல்லது 'ஓடாநிலை அழுத்தம்'?

முதலாவதைப் பார்த்தால் ஏதோ ஆறு நிலைகள் என்று படிக்கத் தோன்றுகிறது, வேண்டாம். இரண்டாவது நல்ல முயற்சி. ஆனால் இப்போதுதான் ஓட்டிவந்து நிறுத்திய வண்டியும் ஓடா நிலையில்தானே இருக்கிறது!

'காற்றழுத்தம்' வானிலைக்காரர்களிடமே இருக்கட்டும். 'டயர் அழுத்தம்' போதும். டயருக்குத் தனித்தமிழ்ச் சொல் தேடும் விவாதத்தையும் இங்கே இழுக்க வேண்டாமே.

அப்புறம், பட்டியலில் இரண்டு அளவுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது டயருக்கான உச்ச அளவு. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளதுதான் அந்த வண்டிக்கு உரியது. முன்னதை 'உச்ச அழுத்தம்' என்றும், பின்னதைப் 'பரிந்துரை அழுத்தம்' என்றும் பிரித்துவிடலாம். சில வண்டிகளின் சீட்டில் முழுச்சுமைக்குத் தனி அளவு உண்டு, பெரும்பாலும் பின் சக்கரங்களுக்குக் கூடுதலாக. 'முழுச்சுமை அழுத்தம்' என்று அதையும் சேர்க்க வேண்டும்.

டயரில் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் டிபிஎம்எஸ்ஸுக்கு 'டயர் அழுத்தக் கண்காணி' எனக்குச் சம்மதம். 'அழுத்தம் சரியாக உள்ளதா என்று காட்டும் கருவி' என்ற விளக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் பரிந்துரை அளவில் கால் பங்கு குறைந்த பிறகே எச்சரிக்கை விளக்கு எரியும். 33 இருக்க வேண்டிய டயரில் 27 இருந்தாலும் அது வாய் திறக்காது.