கலைச்சொல்: தொழிலாளர் குழுவா, அவையா, மன்றமா?

தொழிலாளர்கள் தாங்களே ஆள் தேர்ந்தெடுத்து அமைக்கும் அதிகார அமைப்பை ஆங்கிலத்தில் 'workers' council' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி.

> 'தொழிலாளர் குழு' என்றே எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே ஐயா, எளிமையாக இருக்கும்.

எளிமைதான். ஆனால் 1917 ரஷ்யாவுக்கு வந்ததும் இடறும். அங்கே ஒவ்வோர் ஆலைக்குள்ளும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழு தனியாக இருந்தது. பல ஆலைகளும் படைப்பிரிவுகளும் ஆள் அனுப்பி, நகரம் முழுமைக்கும் கூடிய சோவியத் வேறு. ஆலைக்குழு உற்பத்தியைக் கவனித்தது. பெத்ரோகிராத் சோவியத்தோ படைவீரர்களுக்கு 'முதல் ஆணை' பிறப்பித்து, இடைக்கால அரசின் அதிகாரத்தையே பங்குபோட்டது. இரண்டையும் குழு என்றால் வாசகர் பாவம்.

சரி, 'சோவியத்' என்பதையே பொதுச்சொல்லாக வைக்கலாமா? 1956 ஹங்கேரிக்குப் போய்ப் பாருங்கள். எழுச்சியைச் சோவியத் படை நசுக்கிய பிறகும், நவம்பர் 14 அன்று புடாபெஸ்ட் தொழிலாளர்கள் தங்கள் மைய அமைப்பை உருவாக்கினார்கள். 'சோவியத் படையை எதிர்த்த சோவியத்' என்று எழுதினால் வேடிக்கையாகிவிடும். ரஷ்ய அமைப்புக்கு மட்டும் அந்தப் பெயர் போதும்.

'சோவியத்' என்ற ரஷ்யச் சொல்லுக்கும், ஜெர்மனியில் இதே அமைப்பைக் குறித்த 'ராட்' (Rat) என்ற சொல்லுக்கும் 'ஆலோசனை' என்ற பொருளும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 'ஆலோசனை அவை' என்று போகக் கூடாது. 1918 நவம்பரில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் கிளர்ந்தெழுந்த மாலுமிகள் அமைத்தது யாருக்கும் ஆலோசனை சொல்ல அல்ல.

வெறும் 'அவை' எனக்குப் பிடித்த சொல். ஆனாலும் தயக்கம். அந்த டிசம்பரில் பெர்லினில் இந்த அமைப்புகள் கூடிய மாநாட்டின் முன் நின்ற கேள்வியே, அதிகாரம் இந்த அமைப்புகளுக்கா, தேர்தலில் வரும் தேசியப் பேரவைக்கா என்பதுதான். மாநாடு தேர்தலைத் தேர்ந்தெடுத்தது. இரு பக்கமும் அவை, பேரவை என்று நின்றால் சண்டையே மங்கிப்போகும்.

அதனால் என் பரிந்துரை 'தொழிலாளர் மன்றம்'. கூட்டுச்சொல்லுக்கும் வளையும்: 1919 மியூனிக்கில் அறிவித்தது 'மன்றக் குடியரசு', டச்சு மார்க்சியர் பன்னெகூக்கின் கொள்கை 'மன்றப் பொதுவுடைமை' (council communism). 1919-20இல் இத்தாலியின் தூரின் நகரில் மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியும் தோழர்களும் வளர்த்தது 'ஆலை மன்றம்'. தொழிற்சங்கத்தில் சேராதவருக்கும் அதில் வாக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆகவே அங்கே 'சங்கம்' என்ற சொல் வந்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

குழுவுக்கும் வேலை இருக்கிறது. 1920 பிப்ரவரியில் ஜெர்மனி சட்டம் போட்டு, அதே 'ராட்' என்ற சொல்லை நிறுவனத்துக்குள் நிர்வாகத்தோடு கலந்துபேசும் அமைப்பாகச் சுருக்கியது. அதற்குப் 'பணியாளர் குழு' கச்சிதம்.

> நாடாளுமன்றத்திலும் மன்றம் இருக்கிறதே? ரசிகர் மன்றம் வேறு!

மாட்டிக்கொண்டேன். ஆனால் மன்று என்பது முதலில் ஊரார் கூடிய பொதுவெளி. சட்டமும் நீதியும் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. 'தொழிலாளர்' முன்னால் நின்றால் ரசிகர் வாடை அவ்வளவாக அடிக்காது என்று நம்புகிறேன்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. இந்த மன்றங்களுக்குப் போனவரை எப்படி அழைப்பது? 'பிரதிநிதி' என்றதும் ஐந்தாண்டு நாற்காலி நினைவுக்கு வருகிறது. தொழிலாளர்கள் எழுந்து பாரிஸ் நகரை ஆண்ட 1871 பாரிஸ் கம்யூன் தொட்டு இந்த மரபு வலியுறுத்துவது, அனுப்பியவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம் என்பதை. 'பேராளர்' சரிவருமா? மாநாட்டுக்குப் போய் வருபவர் போல ஒலிக்கிறது. 'அனுப்பாளர்' என்றால் அனுப்புகிறவர் ஆகிவிடுகிறார். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.