மறுமொழி: ‘மீட்பு’ வேண்டாம், ‘மீள்கவர்வு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், நரம்பணு (நரம்புச் செல்) தான் வெளியிட்ட செரோடோனின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும் செயலுக்கு (reuptake) ‘மீட்பு’ என்ற சொல்லைத் தந்திருந்தீர்கள். கரந்தைப் பூச்சூடிய வீரர், பகைவர் கவர்ந்த தம் ஆநிரையை மீட்பதுபோல என்ற விளக்கமும் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அதனுடன் ‘தடுப்பி’ சேரும்போது என்ன ஆகிறது, பாருங்கள். மனச்சோர்வு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் ‘செரோடோனின் மீட்புத் தடுப்பி’ என்று படிப்பவர், தாம் மீள்வதையே இம்மருந்து தடுக்குமோ என்றல்லவா அஞ்சுவார்? உடனே பலன் தெரியாத மருந்து வேறு. செரோடோனின் திரும்பப் போகும் வழியைச் சில மணி நேரத்திலேயே அடைக்கத் தொடங்கினாலும், மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த நாட்களில் ஒருவர் மாத்திரையை நிறுத்த நம் சொல் காரணமாகிவிடக் கூடாது.

‘மீளேற்பு’ம் சரிவராது. ‘ஏற்பி’ என்பது, செரோடோனின் போன்றவை வந்து பொருந்தும் புரதமான ரிசெப்டாருக்கு நிலைத்துவிட்டது. திரும்ப எடுப்பதோ, செரோடோனினை அனுப்பிய நரம்பணுவின் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம். இரண்டும் குழம்பினால் மருந்து எங்கே வேலை செய்கிறது என்பதே மாணவருக்கு விளங்காது. ‘மீளுறிஞ்சல்’ ஏற்கெனவே சிறுநீரகப் பாடத்தில் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘மீள்கவர்வு’. அப்புரதம் மூலக்கூறைப் பற்றி உள்ளே இழுக்கிறது. கவர்தல் அதைச் சரியாகச் சொல்கிறது. ஃப்ளூவாக்சிடின் போன்றவை ‘தேர்ந்த செரோடோனின் மீள்கவர்வுத் தடுப்பிகள்’ ஆகும்.

பட்டியலில் உள்ள ‘மனச்சோர்வு மரபணு’வை நீக்கிவிடுங்கள். அப்படி ஒன்று இல்லை. மேற்சொன்ன கடத்திப் புரதத்தின் மரபணு குட்டை வடிவில் இருந்து, வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடும் என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிந்தைய பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. சிறுசிறு விளைவுடைய ஏராளமான மரபணு வேறுபாடுகளே தென்படுகின்றன. இரட்டையர் ஆய்வுகள் கணித்த ஏறத்தாழ 37 விழுக்காடும் மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபின் பங்குதான். ஒருவருடைய நோயை அப்படிக் கூறுபோட முடியாது. தாய்க்கு வந்தது தனக்கும் வந்தே தீரும் என்று கலங்கும் மகளிடம் இல்லாத மரபணுவின் பெயரைச் சொல்வது கொடுமை.

நோய் வரும் வாய்ப்பை மரபு கூட்டும் நிலையைக் குறிக்க, அச்சொல்லுக்கு மாற்றாக ‘மரபுவழி ஏதுநிலை’ எனலாம். ‘ஏது’வை வினாச்சொல்லாகப் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் குழுவினர் தாருங்கள்.