குளுக்கோஸ் இல்லாத மீடியால ஈஸ்ட் வளத்தவங்க அனுபவம் சொல்லுங்க

காரைக்குடிக்காரி:
எம்.எஸ்சி ப்ராஜெக்ட்ல நடந்தது சொல்றேன், இப்ப ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். என் ஈஸ்ட்ல கேல்-1 ப்ரொமோட்டருக்கு (ஜீனை ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச் மாதிரியான டி.என்.ஏ பகுதி) பின்னாடி ஜி.எஃப்.பி ஜீன், அதாவது ப்ளூ லைட்ல பச்சையா மின்னுற புரோட்டீனுக்கான ஜீன். கேலக்டோஸ் ஊத்துனா ஆன், குளுக்கோஸ் இருந்தா ஆஃப், புக்குல அம்புட்டுதான் இருக்கும். லேப்ல வழிவழியா வந்த ப்ரோட்டோகால்படி முதநாள் குளுக்கோஸ்ல வளத்து மறுநாள் கேலக்டோஸ் ஊத்தி, மத்தியானம் சாப்பிட்டு வந்து செல்லை சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, அடியில படிஞ்சத ப்ளூ லைட்ல காட்டுனா பச்சையவே காணோம், சாதா ஈஸ்ட் மாதிரி வெளுப்பாத்தான் இருக்கு.

சீனியர் அக்கா வந்து பாத்துட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ராத்திரி எதுல வளத்த?"

விஷயம் அங்கதான். குளுக்கோஸ் இருக்கிற வரைக்கும் மிக்-1ங்கிற புரோட்டீன் நியூக்ளியஸ்குள்ள போய் கேலக்டோஸைச் செரிக்கிற கேல் ஜீன்கள அமுக்கி வச்சிருக்கும், அதுகள ஆன் பண்ற கேல்-4ஐயும் சேத்துத்தான். கேலக்டோஸ் வந்தா அதை உணர்ற கேல்-3 போய், கேல்-4ஐ அடக்கி வச்சிருக்கிற கேல்-80ஐப் பிடிச்சுக்கும், அப்பதான் கேல்-4 வேலை பாக்கும், ஆனா மேல மிக்-1 உக்காந்திருக்கும்போது கேலக்டோஸ் எவ்வளவு ஊத்தி என்ன. குளுக்கோஸ் தீந்தாலும் உடனே மாறாது, மணிக்கணக்கா இழுக்கும். அக்கா 2% ராஃபினோஸ்ங்கிற வேற சர்க்கரைல ராத்திரி வளக்கச் சொன்னாங்க. அது அமுக்கவும் அமுக்காது, தூண்டவும் தூண்டாது. மறுநாள் 2% கேலக்டோஸ் போட்டு, சாயங்காலம் பாத்தா ட்யூப் அடியில இளம்பச்சையா மின்னுது, எனக்கு அன்னைக்கு சந்தோஷம் தாங்கல.

இன்னொண்ணு, நம்ம ஊர் சித்திரை வெயில்ல ஈஸ்ட் வளக்குற ஷேக்கர் கூலிங் இல்லாட்டி 30 டிகிரில நிக்காது, ரெண்டு ஸ்ட்ரெய்னை (ஈஸ்ட் ரகத்தை) கம்பேர் பண்றவங்க அதை முதல்ல பாருங்க.

தேவகோட்டை தம்பி:
அக்கா, கேலக்டோஸ் விலைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகல, கேல்-80ஐயே எடுத்துட்டோம். குளுக்கோஸ் தீந்ததும் ஜீன் தானா ஆன் ஆயிடும். மலேரியா மருந்துக்கான ஆர்டெமிசினிக் ஆசிட்டை ஈஸ்ட்ல லிட்டருக்கு 25 கிராம் வரை எடுத்தாங்களே 2013ல, அந்த ஸ்ட்ரெய்ன்லயும் கேல்-80 கிடையாது.

ஆனா என் மனசு சைலோஸ்ங்கிற சர்க்கரைலதான். அறுப்பு முடிஞ்சா நம்ம பக்கம் வைக்கோலுக்கா பஞ்சம், அதுல சைலோஸ் நிறைய, ரொட்டி ஈஸ்ட்டோ அதைத் தின்னவே தின்னாது. அதைச் செரிக்கிற வெளி ஜீன் போட்டு, எப்பவும் ஆன்ல இருக்கிற ப்ரொமோட்டர் வச்சேன், என்சைம் இருக்கு, வளர்ச்சி மட்டும் மந்தம். அப்புறம்தான் அமெரிக்காவோட டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில 2018ல வந்த வேலையப் படிச்சேன். அவங்க கேல்-3ஐ சைலோஸையும் கண்டுக்கிற மாதிரி மாத்திட்டாங்க, அதனால சைலோஸ் வந்ததும் கேலக்டோஸுக்குண்டான மொத்த ஏற்பாடும் சேந்து எந்திரிக்குது, வளர்ச்சியும் வேகமாச்சு. ஒரு ஜீனை முடுக்கி விட்டா மட்டும் பத்தாது, இது சாப்பாடுன்னு செல்லுக்கே தெரியணும்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

வைக்கோல் சாறுல குளுக்கோஸும் கலந்துதான் வரும், அது தீர்ற வரைக்கும் அக்கா சொன்ன அதே மிக்-1 தொல்லை. சுகர் மெஷின் ஸ்ட்ரிப்ல குளுக்கோஸ் மிச்சம் பாக்கறவங்க டப்பாவைப் படிச்சு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகையா பாத்து வாங்குங்க, சில டீஹைட்ரோஜினேஸ் ஸ்ட்ரிப் சைலோஸையும் கேலக்டோஸையும் குளுக்கோஸ் கணக்குலயே காட்டிரும்.