விஸ்கி மணமூட்டிய சுங்கான் புகையிலை: ஐப்பசி ஈரத்தில் திறக்கலாமா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):
வணக்கம். அயர்லாந்தில் பணிபுரியும் என் மைத்துனர் விஸ்கி மணமூட்டிய சுங்கான் (பைப்) புகையிலை 50 கிராம் டப்பா ஒன்றையும், பிரையர் என்னும் புதர்ச்செடியின் வேரில் கடைந்த சுங்கான் ஒன்றையும் கொடுத்துச் சென்றிருக்கிறார். திருச்சிச் சுருட்டு எப்போதாவது பிடிப்பவன் என்பதால் புகை எனக்குப் புதிதன்று, சுங்கானைத்தான் கையாண்டதில்லை. மூடியைத் திறந்ததும் எழுந்த வாடையில், நான் குடிக்கத் தொடங்கிவிட்டேனோ என்று வீட்டார் ஐயுற்றனர். மது தொடாதவன் ஆகையால், இதில் மது உண்மையிலேயே கலந்திருக்கிறதா, புகைக்கும்போது நாவில் விஸ்கியின் சுவை வருமா, விடாது பெய்யும் இந்த மழையில் டப்பாவைத் திறந்து வைக்கலாமா என்பவற்றை அனுபவமுள்ளோர் விளக்க வேண்டுகிறேன்.

மேலவீதி (தஞ்சாவூர்):
ஐயா, போதைக்கு அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகைக் கலவைகளில் பெரும்பாலும் பிளாக் கேவெண்டிஷ் என்னும், நீராவியில் வேகவைத்து அழுத்திக் கறுக்கச் செய்த இலையே மிகுதியாக இருக்கும். அதை முதலில் இனிப்புப் பாகில் ஊறவைத்து, வெட்டிய பிறகு கடைசியாக மேல்மணம் தெளிப்பார்கள். அந்த மணத்தில் மது இருந்தாலும் அது பெரும்பாலும் ஆவியாகிவிடும். எஞ்சியது நெருப்பில் போய்விடும். விஸ்கியின் சுவையும் அப்படித்தான்: முதல் சில இழுப்புகளில் ஓர் இனிப்பும் லேசான மரவாடையும் தெரியும், பிறகு வெறும் புகையிலைதான். டப்பாவில் முகர்ந்த மணத்தை நாவில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அதில் பெரும்பங்கு பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கே போய்ச் சேருகிறது.

கோடியக்கரைச் சாலை (வேதாரண்யம்):
நாங்கள் தலைமுறையாகப் புகையிலை பயிரிடுபவர்கள். மெல்லும் இலைக்கு வெல்லப் பாணி தெளித்துப் பதம் கட்டும் எங்கள் வழக்கத்தின் சீமை வடிவமே அந்த ஊறவைத்தல் என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்கள் கேட்ட ஈரம்தான் உண்மையான சிக்கல். மணமூட்டிய கலவைகள் காய்ந்து போகாதிருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பது வழக்கம். அது காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தாளில் பரப்பி, கிள்ளினால் விரலில் ஒட்டாமலும் நொறுங்காமலும் இருக்கும் பதம் வரும்வரை ஆறவிடுங்கள். அடைமழை நாளில் அது தானாக உலராது, ஆதலால் எரியும் மின்விளக்கின் அடியில் சற்று நேரம் வைக்கலாம். மீதியை இறுக மூடும் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசியில் பூஞ்சை பிடிக்கும், சித்திரையில் சருகாகும்.

மேலவீதி (தஞ்சாவூர்):
ஈர இலையைப் புகைத்தால் தண்டில் நீர் சேர்ந்து களகளவென்று ஒலிக்கும். அணையாதிருக்க வேகமாக இழுப்பீர்கள், சூடான ஆவி நாவைச் சுட்டுவிடும். குழியின் அடியில் தளர்வாகவும் மேலே சற்று அழுத்தமாகவும் நிரப்பி, தீக்குச்சியால் ஒருமுறை பற்றவைத்து, மேலெழும் இலையை மெல்ல அமுக்கி, மீண்டும் பற்றவையுங்கள். இடையில் அணைவது இயல்பு. சுங்கான் சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றாதீர்கள். இன்னொன்று, பிரையர் இந்த மணத்தை உள்வாங்கி நெடுநாள் விடாது வைத்திருக்கும். ஆகவே முதல் சோதனைக்கு மலிவான சோளக்கட்டைச் சுங்கானே நல்லது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் அவற்றைச் செய்து வருகிறார்கள்.

கொள்ளிடக்கரை (திருவையாறு):
மணம் இனிது என்பதால் தீங்கு குறையாது. புகையை உள்ளிழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் வழியே ஏறும்; உதடு, நாக்கு, வாய்ப் புற்றுநோய்களுக்குச் சுங்கானும் காரணமாகிறது. வீட்டினுள்ளே பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். தேநீர்க்கடை வாசலிலும் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை நடைமுறையில் இருக்கிறது.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):
அனைவருக்கும் நன்றி. விளக்கடியில் ஆறவைத்துக் கொல்லைப்புறத்தில் பற்றவைத்தேன். நாவில் விஸ்கி இல்லை, இனிப்பு மட்டுமே. திண்ணையில் இருந்த பெரியப்பாவோ பழக்கேக் மணக்கிறது என்றார். மைத்துனர் மீண்டும் வரும்போது எதைக் கேட்கலாம்?

மேலவீதி (தஞ்சாவூர்):
மணமூட்டாத வர்ஜீனியா வகைப் புகையிலையுடன் சிறிதளவு பெரீக் கலந்ததைக் கேளுங்கள். பெரீக், லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் விளையும் இலை. விஸ்கி பீப்பாய்களில் அழுத்திப் பல மாதங்கள் புளிக்கவைப்பார்கள். அதில் வரும் பழவாடை தெளித்ததன்று, இலையிலேயே ஊறியது. காரம் மிகுதி என்பதால் தனியாகப் புகைக்க வேண்டாம்.