படகுக்கு ஏற்ற டிரெய்லர்: மெல்போர்னில் தேடிய அனுபவம்

போர்ட் பிலிப் விரிகுடாவில் மீன்பிடிப்பதற்காக, மெல்போர்னில் வசிக்கும் என் நண்பர் 5 மீட்டர் நீள ஃபைபர்கிளாஸ் படகு ஒன்றை டிரெய்லர் இல்லாமல் வாங்கினார். முதலில் பார்த்த விற்பனையாளர், படகின் எடை 550 கிலோதான் என்று விளக்கத்தாளைக் காட்டி, பிரேக் இல்லாத சிறிய டிரெய்லரே போதும் என்றார். ஆனால் அது வெறும் உடற்கூட்டின் எடை. 90 குதிரைத்திறன் என்ஜினுக்கு ஏறத்தாழ 165 கிலோ, 100 லிட்டர் பெட்ரோலுக்கு 75 கிலோ, பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி முதலியவற்றுக்கு 60 கிலோ என்று கூட்டினால் 850 கிலோ வருகிறது. டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தால் 1,200 கிலோவைத் தொட்டுவிடும். ஆஸ்திரேலியாவில் அச்சின்மீது விழும் எடை 750 கிலோவைத் தாண்டினாலே பிரேக் கட்டாயம். ஆகவே பிரேக்குடன் கூடிய, மொத்தம் 1,500 கிலோ தாங்கும் டிரெய்லரைத்தான் தேட வேண்டும் என்று உறுதியாகச் சொன்னேன்.

அடுத்து நாங்கள் கவனித்தது, படகு எதன்மீது அமர்கிறது என்பதை. படகின் பின்பலகைக்கு நேர் கீழே தாங்கல் இருக்க வேண்டும். என்ஜினின் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. டிரெய்லர் குட்டையாக இருந்து பின்பகுதி அந்தரத்தில் தொங்கினால், நாளடைவில் அடித்தளமே வளைந்துபோகும். பாரம் பல இடங்களில் பரவும்படி ரோலர்கள் நிறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

உப்புநீரில் இறங்கும் டிரெய்லருக்குத் துத்தநாகப் பூச்சுள்ள சட்டகம்தான் ஏற்றது. வெறும் வண்ணப்பூச்சை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அதைவிட முக்கியமானது சக்கர பேரிங். நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கரக் குடத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கியதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பழைய டிரெய்லர் ஒன்றின் சக்கரக் குட மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது, கிரீஸ் பால்போல வெளுத்துக் கிடந்தது. நீர் புகுந்ததற்கு அதுவே அடையாளம் என்பதால் அதை உடனே விலக்கிவிட்டோம்.

வாங்கிய டிரெய்லரில் படகை ஏற்றிய பிறகு, படகின் முனையை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்புப் பந்தின்மீது மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விழும்படி எடைக்கருவி வைத்து அளந்தோம். அது 115 கிலோ காட்டியது. காரின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் அடங்கியதால், கம்பத்தை அங்கேயே இறுக்கிவிட்டோம்.