நோக்கியா ஆலைகள் இடம் மாறியபோது வேலை இழந்தவர்களுக்கு அரசியல் பொறுப்பு உண்டா?

கேள்வி: பாலாற்றங்கரை

ஜெர்மனியின் போஹும் நகரிலிருந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2008இல் மூடப்பட்டு, உற்பத்தி ருமேனியாவின் க்ளூஜ் நகருக்கு அருகிலுள்ள ஜுகுவுக்கு மாற்றப்பட்டது. கூலி குறைவு என்பதே முக்கியக் காரணம். மூன்றே ஆண்டுகளில், 2011 செப்டம்பரில், ஜுகு ஆலையையும் மூடப்போவதாகவும் இனி உற்பத்தி ஆசியாவை மையமாகக் கொண்டு நடக்கும் என்றும் நிறுவனம் அறிவித்தது. ஆசியாவில் அதற்கு இருந்த பெரிய ஆலைகளுள் ஒன்றான திருப்பெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது.

இதைப் பேசும்போதெல்லாம் என் நண்பர் ஒருவர், "ஆலைகளை வரவேற்ற அரசுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தாமே, விளைவையும் அவர்களே ஏற்கட்டும்" என்கிறார். எனக்கு அது இரக்கமற்ற வாதமாகப் படுகிறது. ஆனாலும் தொழிலாளர்களுக்கு அரசியலில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று சொன்னால், அவர்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் பார்க்கிறோமோ என்ற ஐயமும் எழுகிறது. அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ரூர்க்கரை

நான் போஹுமுக்குப் பக்கத்திலுள்ள டோர்ட்முண்டில் நெடுங்காலமாக வசிப்பவன். 2008 ஜனவரி 15 அன்று மூடல் அறிவிப்பு வந்தபோது ஆலையின் நிரந்தரப் பணியாளர்கள் சுமார் 2,300 பேர். அடுத்த வாரமே ஏறத்தாழ 15,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அதே மாதத்தில் நோக்கியா வெளியிட்ட 2007ஆம் ஆண்டுக் கணக்கில் நிகர இலாபம் 7.2 பில்லியன் யூரோ. நட்டத்தால் மூடுகிறார்கள் என்றால் ஆறுதலுக்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். இங்கே அதுவும் இல்லை.

அரசியல்வாதிகளின் கோபத்துக்குக் குறைவில்லை. மாநில முதல்வர் யூர்கன் ரூட்கர்ஸ் நிறுவனத்தை "மானிய வெட்டுக்கிளி" என்றார். சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் பீட்டர் ஸ்ட்ரக் தம் நோக்கியா கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். என் கணக்கில் இவை வெறும் நாடகம். உண்மையில் பயன்பட்டவை வேறு இரண்டு. முதலாவது, தொழிலாளர் மன்றமும் ஐ.ஜி. மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கமும் பேரம் பேசிப் பெற்ற 200 மில்லியன் யூரோ இழப்பீடு. இரண்டாவது, 1990களில் மாநில அரசு மானியம் கொடுத்தபோதே, இத்தனை வேலைகளை இத்தனை ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும் என்று எழுதி வைத்த நிபந்தனை. அந்த எண்ணிக்கை சில ஆண்டுகளில் எட்டப்படவில்லை என்பதைக் காட்டி, வட்டியுடன் சுமார் 60 மில்லியன் யூரோவை அரசு திருப்பிக் கேட்டது. கடைசியில் நகரின் மறுவாழ்வுக்கு நோக்கியா 20 மில்லியன் தர ஒப்புக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, நிபந்தனைக் காலம் 2006 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதுதான். அது முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆவதற்குள் மூடல் அறிவிப்பு வந்துவிட்டது.

பதில் 2: செம்பரம்பாக்கத்தான்

ரூர்க்கரை ஐயா சொன்ன அந்த நிபந்தனைதான் எங்கள் பக்கத்தில் இல்லாமற்போன பொருள். நான் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் பணியாற்றியவன். 2005இல் அ.தி.மு.க. ஆட்சியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி, தி.மு.க. ஆட்சியில் விரிவடைந்தது. இரு கட்சிகளும் அந்த ஆலையைத் தம் சாதனையாகச் சொல்லிக்கொண்டன. சிப்காட் நிலம், வரித் தொகையைத் திருப்பித் தரும் சலுகை என்று அரசு கொடுத்தவை ஏராளம். ஆலை போனால் தொழிலாளிக்கு என்ன என்ற கேள்வியை எந்தத் தேர்தல் மேடையிலும் நான் கேட்டதில்லை.

2014இல் மைக்ரோசாப்ட், நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விடுபட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் வடமாவட்டக் கிராமங்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் வந்த பெண்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர்களுக்கு அப்போது இருபத்தைந்து ஆகியிருந்தது, மின்னணு ஆலைகளோ புதிதாகப் பள்ளி முடித்தவர்களைத்தான் தேடின. வீட்டுக்கடனும் தம்பி தங்கையரின் கல்லூரிக் கட்டணமும் அவர்கள் சம்பளத்தை நம்பி இருந்தன. ஊர் திரும்பியவர்களில் பலருக்கு அடுத்து நடந்தது திருமணம்தான். அதை மறுவாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பெண்களில் பலருக்கு வாக்குரிமை சொந்த ஊரில் இருந்தது, வேலை திருப்பெரும்புதூரில் இருந்தது. ஆலை இருக்கும் தொகுதியின் வேட்பாளர் அவர்களிடம் வாக்குக் கேட்டு விடுதி வாசலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் சொந்த ஊர் வேட்பாளருக்கோ ஆலை விவகாரம் தம் தொகுதிப் பிரச்சினை இல்லை. வாக்கே இப்படிச் சிதறிக் கிடக்கும்போது உங்கள் நண்பர் யாரிடம் பொறுப்பைக் கேட்கிறார்?

பதில் 3: கந்தன்சாவடி

பொறுப்பை வேலை இழந்தவர்களிடம் மட்டும் தேடுவது எனக்கு உறுத்துகிறது. வேலை நம்மிடம் வந்தபோது மகிழ்ந்தவர்களின் பொறுப்பு என்ன? நான் மென்பொருள் துறையில் இருப்பவன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் பணி சென்னைக்கு மாறியபோது, அங்கே அந்தப் பணியைச் செய்துகொண்டிருந்த மூத்த பெண்மணி வாரக்கணக்கில் எனக்கு கே.டி., அதாவது பணியை ஒப்படைக்கும் பயிற்சி, கொடுத்தார். அது முடிந்ததும் அவருடைய வேலை போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். அவர் ஒரு குறிப்பைக்கூட மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது பதவி உயர்வுக்கு வழி வகுத்தது. அதற்காக நான் அந்த வேலையை மறுத்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. என் குடும்பமும் அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் எங்கள் துறையில் சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை மாற்ற நான் எதுவும் செய்யவில்லை என்பதற்கு எந்த அரசையும் குறை சொல்ல முடியாது. போஹும் தொழிலாளிக்கு இழப்பீடு பெற்றுத் தந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை போட்ட வாக்கு அன்று, மாதாமாதம் சந்தா கட்டிய சங்கம்.

பதில் 4: பாலாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. கந்தன்சாவடி சொல்வதை முழுமையாக ஏற்கத் தயக்கமாக உள்ளது. திருப்பெரும்புதூரிலும் சங்கம் இருந்தது, 2010இல் வேலைநிறுத்தங்களும் நடந்தன, ஆனாலும் மூடலைத் தடுக்க முடியவில்லை. சங்கத்தின் கையில் போஹுமில் இருந்ததுபோல் எழுத்திலான நிபந்தனை ஒன்று இருந்திருந்தால் பேரமாவது வேறாக இருந்திருக்கும்.

மூடிக் கிடந்த அந்த ஆலையை 2019இல் சால்காம்ப் என்ற மின்னேற்றிக் கருவி நிறுவனம் வாங்கியது. இத்தகைய முதலீடுகளுக்கு அரசு என்னென்ன சலுகைகள் தருகிறது, வேலை எண்ணிக்கைக்கு நிபந்தனை உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். வணிக இரகசியம் என்று பிரிவு 8(1)(ஈ)யைக் காட்டி மறுக்கக்கூடும். பொதுநலன் கருதி வெளியிடலாம் என்ற விதிவிலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. முன்பு இப்படி விண்ணப்பித்தவர்கள் இருந்தால், மனுவின் வாசகத்தை இங்கே பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.