சுவரே இல்லாத கிருமிக்கு அமாக்சிசிலின் கேட்காதாமே?

மார்த்தாண்டம் ரப்பர்:
மகளுக்கு 9 வயசு. இரண்டு வாரமாக வறட்டு இருமல், காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தது. முதலில் பார்த்த டாக்டர் அமாக்சிசிலின் எழுதினார், 5 நாள் தவறாமல் கொடுத்தும் கேட்கவில்லை. அப்புறம் நாகர்கோவிலில் காட்டினோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இது மைக்கோபிளாஸ்மாவாக இருக்கும், அதற்குச் சுவரே கிடையாது என்று அசித்ரோமைசினுக்கு மாற்றினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கிருமிக்கு என்ன சுவர்? அது இல்லாவிட்டால் மருந்து ஏன் கேட்காது? பின்னால் கூட்டம் நின்றதால் டாக்டரிடம் கேட்க முடியவில்லை.

கொளச்சல் கடலோரம்:
அண்ணே, எங்கள் வீட்டில் வலை பின்னுவார்கள், அதை வைத்தே சொல்கிறேன். பெரும்பாலான பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்று ஒரு வலை உண்டு, டாக்டர் சொன்ன சுவர் அதுதான். நெடுக ஓடும் நூல் சர்க்கரைச் சங்கிலி, குறுக்கே விழும் முடிச்சு அமினோ அமிலத் துண்டு. உள்ளே சரக்கு அடர்த்தி என்பதால் வெளித்தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், வலை இறுக்கிப் பிடிப்பதால்தான் கிருமி வெடிக்காமல் நிற்கிறது. முடிச்சுப் போடுவது ஒரு நொதி. அது பிடிக்கும் நுனியில் டி-அலனின் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் எல்லாவற்றிலும் 4 அணு கொண்ட ஒரு குட்டி வளையம் இருக்கிறது, பீட்டா-லாக்டம் என்பது அதுதான். மருந்து அந்த நுனி மாதிரியே இருப்பதால் நொதி ஏமாந்து பிடிக்க, வளையம் உடைந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு முடிச்சு விழாது.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். கிருமி வளர வேண்டுமென்றால் பழைய முடிச்சை அறுத்துத்தான் புது நூல் சேர்க்கும். மருந்து, முடிச்சுப் போடுவதை நிறுத்துகிறது, அறுப்பதை நிறுத்துவதில்லை. கிருமி தன் வலையைத் தானே கிழித்துக்கொண்டு சாகிறது! வளராமல் சும்மா கிடக்கும் கிருமியை இது அவ்வளவாகத் தொடாததும் அதனால்தான்.

மைக்கோபிளாஸ்மாவுக்கு வெறும் சவ்வுதான், வலை இல்லை. அசித்ரோமைசின் வேறு வழி, புரதம் செய்யும் ரைபோசோமை அடைக்கும்.

தக்கலை மருந்துக்கடை:
முதல் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். நிமோனியா என்றால் முதல் சந்தேகம் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா மேல் போவது வழக்கம், அதற்கு அமாக்சிசிலின் நல்ல மருந்து. என் கவலை வேறு. சளிக்கு "அந்த அமாக்சிசிலின் 500 நாலு தாங்க" என்று வந்து நிற்கிறார்கள், வைரஸுக்கு ஏது சுவர்? இன்னொன்று, இந்த வகை மருந்துக்கு ரத்தத்தில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைவிட, தேவையான அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதே முக்கியம். காலையில் மறந்ததற்கு ராத்திரி இரண்டாகப் போட்டால் ஈடாகாது.

மார்த்தாண்டம் ரப்பர்:
சரி, அம்மாவுக்குப் பல்வலிக்கு அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை எழுதினார்களே, அது எதற்கு?

கொளச்சல் கடலோரம்:
சில கிருமிகளிடம் அந்த வளையத்தை வெட்டும் கத்திரி உண்டு, பீட்டா-லாக்டமேஸ். பெனிசிலின் கடைக்கு வரும் முன்பே, 1940இல் ஏபிரகாமும் செயினும் இப்படி ஒன்று இருப்பதை எழுதிவிட்டார்கள். கிளாவுலானிக் அமிலம் கத்திரியின் வாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும், அமாக்சிசிலின் தப்பித்து வேலையைப் பார்க்கும். ஆனால் எம்ஆர்எஸ்ஏ (பெனிசிலின் வகைக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) மாதிரி, மருந்து ஒட்டாத வேறு முடிச்சு நொதியையே வைத்திருக்கும் கிருமியிடம் இந்தத் தந்திரம் பலிக்காது.

மார்த்தாண்டம் ரப்பர்:
அந்த மாத்திரையில் நாலு மிச்சமாகி டப்பாவில் கிடந்தது. பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுக்கட்டுமா என்று அம்மா போன வாரம் கேட்டார். இப்போதுதான் எடுத்து ஒளித்து வைத்தேன்.